நரிவால் அறுக்க நல்ல நாள்

புல்லுக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாது. இதைச் சொல்ல ஒரு விஞ்ஞானி தேவையில்லைதான். ஆனாலும் அடையாற்றில் அந்த அறக்கட்டளை வளாகத்தில் இதைச் சொல்வதற்கென்றே ஒருத்தியைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். பெயர் மர்சலின். சாந்தோம்காரி. இருபத்திரண்டு வருடம் பெண்கள் கல்லூரியில் தாவரவியல் நடத்திவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, போயும் போயும் புல்லைக் கட்டிக்கொண்டு மாரடிக்க வந்தவள். சொல்ல வேண்டிய நேரத்தில் அவள் அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

வளாகம் என்றால் நாலு கட்டடமும் ஒரு வாகன நிறுத்தமும் என்று நினைத்துவிட வேண்டாம். முன்பக்கம் தியான மண்டபம், நூலகம், விருந்தினர் விடுதி. பின்பக்கம் மேட்டுவெளி என்று எட்டு ஏக்கர் திறந்த நிலம். அந்த எட்டு ஏக்கரில் ஆறு வெளிமான்கள். மெட்ராஸுக்குள் மானா என்று வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். பிளக்கட்டும். ஒரு கிடா, நாலு பெட்டை, போன வருடம் பிறந்த குட்டி ஒன்று. மொத்தக் கும்பலே அவ்வளவுதான்.

வெளிமானுக்குக் கொம்பெல்லாம் அழகுக்கு. அதன் உயிர் இருப்பது கண்ணிலும் காலிலும். தூரத்தில் நாய் வருவதைப் பார்த்துவிட்டால் போதும், பிறகு எந்த நாயும் அதைப் பிடிக்க முடியாது. பார்க்க வேண்டுமானால் நிலம் திறந்திருக்க வேண்டும், புல் முழங்காலுக்குக் கீழே நிற்க வேண்டும். முன்னே அப்படித்தான் இருந்தது. கொழுக்கட்டைப் புல்லும் அருகுமாக, மான் மேய்ந்து மேய்ந்து கட்டையாக வைத்திருந்தது. பிறகு ஒரு வருடம் விடுதி வாசலில் அலங்காரப் புல்தரை போடுவதற்காக லாரி லாரியாக மண் வந்தது. மண்ணோடு அந்தச் சனியனும் வந்தது.

அதன் தாவரவியல் பெயரைச் சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளும். புல் அறுக்கும் பெண்களுக்குத் தலைவியான சுந்தரவல்லி அதற்கு வைத்த பெயர் நரிவால். ஐப்பசி மழையில் முளைக்கும், கார்த்திகையில் மார் உயரம் நிற்கும், மார்கழியில் நரிவால் மாதிரியே பூங்கதிர் தள்ளும். மான் அதை வாயில் வைக்காது. விடுதிக் கேன்டீன் குப்பையில் வளர்ந்த தெருநாய்களுக்கு மட்டும் அது பெரிய உபகாரம். உள்ளே பதுங்கிக்கொண்டு, குட்டி போட்ட மானின் பக்கத்திலேயே போய் எழுந்திருக்கலாம். நாலு வருடம் ஒரு குட்டிகூடத் தங்கவில்லை. அப்போதுதான் மர்சலினை வேலைக்கு எடுத்தார்கள்.

அவள் கண்டுபிடித்த வைத்தியம் சின்னது. கதிர் தள்ளி, பால் கட்டி, பால் மணியாக இறுகுவதற்கு முன்னால் அறுத்துவிட வேண்டும். அந்த இடைவெளி பத்துப் பன்னிரண்டு நாள்தான். அதற்குள் அறுத்தால் அந்த வருட விதை போயிற்று. மண்ணுக்குள் கிடக்கும் பழைய விதை இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் தாங்காது, ஆகவே மூன்று வருடம் விடாமல் அறுத்தால் ஆட்டம் முடிந்தது. நாள் தவறினால் ஒரு கதிரிலிருந்து நூற்றுக்கணக்கில் பஞ்சு விதை கிளம்பிக் காற்றோடு போய் எட்டு ஏக்கரிலும் உட்காரும். மூன்று வருட உழைப்பும் ஒரே வாரத்தில் பாழ்.

முதல் இரண்டு வருடம் மர்சலினும் சுந்தரவல்லியின் பன்னிரண்டு பெண்களும் ஒரு மூலையில் இரண்டு ஏக்கரை மட்டும் எடுத்துக்கொண்டு அறுத்தார்கள். மற்ற ஆறு ஏக்கரிலிருந்து பறந்து வந்து முளைத்ததைக் கையால் பிடுங்கினார்கள். மார்கழி முதல் வாரம் ஆரம்பிப்பார்கள், இரண்டாம் வாரம் முடிப்பார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ளாத வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. போன வருடம் அந்த இரண்டு ஏக்கரில் ஒரு பெட்டை குட்டி போட்டது, குட்டி பிழைத்தது. மர்சலின் அன்று சாந்தோம் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். சுந்தரவல்லி மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள்.

அந்தக் குட்டியின் படம் செய்திமடலில் வந்தது. நியூஜெர்சியில் இருக்கும் சந்திரமௌலி என்கிற போஷகர் அதைப் பார்த்து மனம் உருகி, எட்டு ஏக்கருக்கும் ஆகிற செலவு என்னுடையது என்று எழுதினார். மர்சலினுக்குக் கால் தரையில் பாவவில்லை. எட்டு ஏக்கரும் திறந்தால் நாலு பெட்டையும் தைரியமாகக் குட்டி போடும். ஆறு பத்தாகும். மேட்டுவெளி முழுக்கத் திறக்க இந்த ஒரு மார்கழி போதும் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

மார்கழி இரண்டாம் தேதி காலை சுந்தரவல்லி ஒரு கதிரைக் கிள்ளி நகத்தால் நசுக்கிக் காட்டினாள். வெள்ளையாகப் பால் கசிந்தது. அவள் அம்மனுக்கு மாலை போட்டுச் சிவப்புச் சேலை கட்டியிருந்தாள்.

"பால் கட்டிக்கிச்சி டீச்சர். நாளைக்கே எறங்கிடணும். நம்ம பொம்பளைங்க மட்டும் பத்தாது, கோட்டூர்ல இருந்து இன்னும் முப்பது பேரைக் கூட்டியாறேன். அருவாவெல்லாம் தீட்டி வெச்சாச்சி."

"செயலர் கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்துடறேன்" என்றாள் மர்சலின். "இன்னிக்கே."

செயலர் வெங்கடரமணன் மார்கழியில் அலுவலகத்தில் இருக்க மாட்டார். அவரைப் பார்க்க வேண்டுமானால் மயிலாப்பூரில் எந்தச் சபாவில் எந்தக் கச்சேரி என்று தெரிந்துகொண்டு அதன் கேன்டீனுக்குப் போக வேண்டும். போனாள். பகல் கச்சேரி முடிந்து சாயங்காலக் கச்சேரிக்கு நடுவில், இன்னும் இரண்டு அறங்காவலர்களோடு அவர் அடையும் அவியலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனசு வராது. மற்ற அறங்காவலர்கள் மர்சலினின் வேலையை நிறுத்தப் பார்த்தபோது அவளுக்காகக் கூட்டத்தில் சண்டை போட்டவர் அவர்தான்.

"வாங்கோ வாங்கோ மர்சலின். முதல்ல உக்காருங்கோ. ஒரு அடை சாப்பிட்டாத்தான் பேச்சு."

அவள் காகிதத்தை நீட்டினாள். அவர் எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைச் சரியாக்கிப் படித்தார்.

"ஆரம்பிக்கற தேதி நாளைக்குன்னு போட்டிருக்கே. மார்கழியாச்சேம்மா?"

"ஆமாம் சார். இப்ப அறுத்தாத்தான்…"

"மார்கழில எதையும் ஆரம்பிக்கப்படாது. எங்காத்துல ஒரு குக்கர்கூட வாங்க மாட்டா. அதுவும் இவ்வளவு பெரிய காரியம். சந்திரமௌலி தையிலதான் இந்தியா வரார். சாஸ்திரிகள்கிட்ட கேட்டு நாள்கூட வச்சாச்சு. தை ஒன்பது, வெள்ளிக்கிழமை, வளர்பிறை பஞ்சமி. சின்னதா ஒரு பூஜை, போஷகர் கொடி அசைப்பார், டிராக்டர் கிளம்பும். எப்படி?"

மர்சலின் தன் முன்னால் வந்த அடையை ஓரமாகத் தள்ளினாள். "சார், தை ஒன்பதுன்னா விதை முத்தி உதிர்ந்திடும். அப்பறம் அறுக்கறதும் விதைக்கறதும் ஒண்ணுதான். அதோட தை பொறந்தாலே மான் குட்டி போட ஆரம்பிச்சிடும்."

"ஒரு மாசத்துல என்ன குடி முழுகிடப் போறது? புல்தானே?"

"போன ரெண்டு வருஷமும் மார்கழியிலதான் சார் அறுத்தோம்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. வெங்கடரமணனின் கை இலையில் நின்றது. "அப்படியா? எனக்குத் தெரியாதே" என்றார். பக்கத்தில் இருந்த அறங்காவலர் காபி டம்ளரை ஆற்றிக்கொண்டே மர்சலினின் கழுத்தைப் பார்த்தார். கழுத்தில் சங்கிலி, சங்கிலியில் சிலுவை.

"அவாளுக்கு மார்கழின்னா கிறிஸ்மஸ்தானே ஓய். நம்ம சம்பிரதாயமெல்லாம் எப்படித் தெரியும், பாவம்."

"சும்மா இரும்" என்று வெங்கடரமணன் அவரை அதட்டினார். பிறகு மர்சலினிடம் குரலைத் தாழ்த்தி, "நீங்க தப்பா எடுத்துக்காதீங்கோ. தெரியாம பண்ணினது தெரியாமலே போகட்டும். இப்ப கிறிஸ்மஸை நன்னாக் கொண்டாடுங்கோ. தை பொறக்கட்டும், ஜாம்ஜாம்னு ஆரம்பிச்சுடலாம்" என்றார்.

அந்தப் பரிவுதான் அவளைக் கொன்றது. திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பாள். விதை பற்றி அவளிடம் நாற்பது பக்க அறிக்கை இருந்தது, கைப்பையிலேயே இருந்தது. எடுத்து மேசையில் போட்டு, 'சார், இது ஆரம்பம் இல்லை, மூன்றாம் வருட அறுப்பு. உங்கள் நல்ல நாள் வரைக்கும் புல் காத்திருக்காது' என்று சொல்லியிருக்கலாம். ஒரு இந்து அதிகாரி அந்த இடத்தில் இருந்தால் சொல்லியிருப்பார், சிரித்துப் பேசி முடித்திருப்பார்கள். மர்சலின் சொன்னால் அது வேறு விதமாகப் போய்ச் சேரும்: ஒரு கிறிஸ்தவப் பெண்மணி மார்கழியைக் குறை சொன்னாள் என்று மறுநாளே மாடவீதி நாலிலும் பேசுவார்கள். சாந்தோமிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள், கபாலி கோயில் தேரைப் பார்க்காமல் ஒரு பங்குனி கழித்ததில்லை. ஆனாலும் எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்பது அவள் வீட்டில் ஊட்டி வளர்த்த விஷயம். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "சரி சார்" என்றாள். அடையை முழுக்கச் சாப்பிட்டாள்.

மறுநாள் மேட்டுவெளி கேட்டுக்கு வெளியே நாற்பத்திரண்டு பெண்கள் கருக்கரிவாளோடு காத்திருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் சுந்தரவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மார்கழியில புல்லு அறுக்கக் கூடாதா? இது எந்த ஊரு நாயம்? மார்கழியில நாங்க சோறு துன்றதில்லையா? எங்கூட்டுக்காரு கட்டிங் வுடாம கீறாரா? நான் மாலை போட்டுக்கினு கீறேன் டீச்சர், ஆத்தா மேல சத்தியமா சொல்றேன், புல்லு அறுத்தா எந்தச் சாமியும் கோச்சிக்காது."

"அவர் சொல்லிட்டார் சுந்தரவல்லி."

"அவுரு சொல்வாரு. அவுரு பாட்டு கேட்டுக்கினு கீறாரு. தை வரிக்கும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கப் போறாரா? சாவி உங்கையில கீது. கேட்டைத் தொறந்துட்டு நீ பாட்டுக்கு வூட்டுக்குப் போ. ஏழு நாளுல சுத்தமா அறுத்துப் போட்டுர்றோம். யாருனா கேட்டா நான் பார்த்துக்கறேன். படிக்காத முண்டம், நாளு தெரியாம அறுத்துட்டேன்னு கால்ல வுளுந்துர்றேன். போதுமா?"

இவ்வளவு தூரம் யார் இறங்கி வருவார்கள்? தன் தலையில் பழியைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன் என்று கூலிக்கு வந்த ஒருத்தி சொல்கிறாள். மர்சலின் சாவியை எடுத்தாள். ஒரு நிமிடம் நிஜமாகவே பூட்டின் பக்கம் திரும்பினாள். பிறகு கேன்டீனில் அந்த மனிதர் கழுத்தைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது.

"வேணாம்மா. தெரிஞ்சா உனக்குத்தான் கஷ்டம்" என்றாள். சுந்தரவல்லிக்கு இல்லை, தனக்குத்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

சுந்தரவல்லி அரிவாளைச் சாக்கில் சுற்றினாள். பெண்கள் ஒரு நாள் கூலி போயிற்றே என்று முனகிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள்.

அப்புறம் புல் அதன் வேலையைப் பார்த்தது. கிறிஸ்துமஸ் வாரத்தில் கதிர் பழுத்தது. புது வருடத்தில் வெடித்தது. கடற்காற்று வீசும் சாயங்காலங்களில் மேட்டுவெளியிலிருந்து வெள்ளையாகப் பஞ்சு கிளம்பி, சுத்தமாக்கி வைத்திருந்த இரண்டு ஏக்கரின் மேல் இறங்கியது. மர்சலின் தினமும் போய் வேலி ஓரம் நின்று பார்த்தாள். செய்ய ஒன்றும் இல்லாதபோதும் போய்ப் பார்ப்பது ஒரு வியாதி. வீட்டுக்கு வந்து தலை சீவினால் சீப்பில் நாலு விதை இருக்கும். அதைக் காகிதத்தில் மடித்து எரிப்பாள், என்னவோ அந்த நாலில்தான் காரியம் இருக்கிற மாதிரி.

தை ஏழாம் தேதி சுந்தரவல்லி போன் செய்தாள்.

"ஒரு பெட்டை மூணு நாளா ஒண்டியா நிக்கிது டீச்சர். வயிறு எறங்கிப்போச்சி. மடி கனத்துக்கினு கீது. குட்டி போட்ருச்சி."

"குட்டியைப் பார்த்தியா?"

"எங்க பார்க்கறது? இவ்ளோ உசரத்துக்குப் புல்லு கீதே. அந்தக் காட்டுக்குள்ள எங்கியோ படுத்துக்கினு கீது."

பிறந்து சில நாளே ஆன வெளிமான் குட்டி ஓடாது. ஆபத்து வந்தால் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். நாயிடமிருந்து அந்தக் குணம் சில சமயம் அதைக் காப்பாற்றும். டிராக்டருக்குப் பின்னால் சுழலும் கத்தியிடமிருந்து காப்பாற்றாது. மர்சலின் உடனே வெங்கடரமணனைக் கூப்பிட்டாள்.

"சார், புல்லுக்குள்ள குட்டி இருக்கு. ஒரு மூணு வாரம் தள்ளிப் போடணும்."

"என்னம்மா இது? அன்னிக்குத் தள்ளாதேங்கோன்னேள். இன்னிக்குத் தள்ளுங்கோங்கறேள். பத்திரிகை அடிச்சு எல்லாருக்கும் போயாச்சு. சந்திரமௌலி ராத்திரி ஃப்ளைட்ல வரார்." பிறகு அவர் குரல் இளகியது. "குட்டி பொறந்திருக்குன்னா அதைவிட சுபசகுனம் உண்டா? காலம்பறயே உங்க ஆட்களை விட்டு நன்னாத் தேடிடுங்கோ. கிடைச்சா ஒரு ஓரமா விட்டுடலாம்."

மறுபடியும் "சரி சார்".

தேடுவது முடியாத காரியமில்லை. பன்னிரண்டு பெண்கள் கை கோத்த மாதிரி வரிசையாக நடந்தால் எட்டு ஏக்கரை மூன்று மணி நேரத்தில் அலசிவிடலாம். காலை ஆறரைக்கு வரச் சொல்லியிருந்தாள். டிராக்டர் ஓட்டுகிற ஷஃபியுல்லாவுக்கும் சொல்லியிருந்தாள். ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருக்கும் மனிதர், சொன்னால் சொன்ன சொல் கேட்பவர்.

"நான் கையைக் காட்டாம வண்டியை எடுக்கக் கூடாது பாய். வேற யார் சொன்னாலும்."

"நீங்க கை காட்டாம சாவியே போட மாட்டேன் மேடம்."

தை ஒன்பதாம் தேதி அவள் ஆறரைக்குப் போனபோது பன்னிரண்டு பெண்களும் நாற்காலி சுமந்துகொண்டிருந்தார்கள். பந்தல்காரன் ஆள் குறைவாக வந்திருக்கிறான். விழாப் பொறுப்பாளர் இவர்களை இழுத்துக்கொண்டார். நாற்காலி முடிந்து கோலம், கோலம் முடிந்து வாழை மரம் கட்டுவது, அது முடிந்து போஷகர் நடந்து வர மணல் கொட்டுவது. மர்சலின் இரண்டு தடவை போய், "இவங்களை அனுப்புங்க சார், முக்கியமான வேலை இருக்கு" என்றாள். "இதோ, அஞ்சு நிமிஷம்" என்றார்கள். அந்த ஐந்து நிமிடம் ஒன்பதரை வரை போயிற்று.

வரிசை கட்டி இறங்கினார்கள். சத்தமும் கூட்டமும் இல்லாத தூரத்துக் கோடியில்தான் தாய் குட்டியை மறைத்திருக்கும் என்று மர்சலின் கணக்குப் போட்டாள். ஆகவே அங்கிருந்து ஆரம்பித்தார்கள். நியாயமான கணக்குத்தான். முந்தாநாள் வரை பந்தலே கிடையாது, இந்தப் பக்கமும் அமைதியாகத்தான் இருந்தது என்பது அந்த அவசரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. மார் உயரப் புல்லைக் கையால் விலக்கி விலக்கி, காலால் தடவித் தடவி நடந்தார்கள். பஞ்சு மூக்கில் ஏறித் தும்மினார்கள். இரண்டு ஏக்கர் போல முடிந்திருக்கும், மேடையிலிருந்து மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

போஷகர் வந்துவிட்டார். பூஜை முடிந்துவிட்டது. வெங்கடரமணன் பட்டு வேட்டியோடு வேகமாக நடந்து வந்தார்.

"மணி பத்து இருபது. பத்தரைக்கு ராகு காலம் பொறந்துடும். டிரைவர் என்னடான்னா நீங்க கை காட்டாம எடுக்க மாட்டேங்கறான்."

"சார், இன்னும் பாதிக்கு மேல தேடலை. தேடின பக்கம் அந்தக் கோடியில இருக்கு. அங்க ஓட்டச் சொல்றேன்."

"அங்க ஓட்டினா இங்கேருந்து யாருக்குத் தெரியும்? போட்டோகிராபர் இங்க நிக்கறான், சந்திரமௌலி இங்க நிக்கறார். பந்தலுக்கு முன்னால ஒரே ஒரு சுத்து. அதோட நிறுத்திடலாம். அப்பறம் சாயங்காலம் வரைக்கும் தேடுங்கோ, நாளைக்கும் தேடுங்கோ, யார் கேக்கப் போறா? ஒரே ஒரு சுத்தும்மா. எனக்காக."

ஒரு சுற்று என்றால் எவ்வளவு? நூறு அடி நீளம், ஆறடி அகலம். எட்டு ஏக்கரில் அது ஒரு கோடு. அந்தக் கோட்டிலேயா வந்து குட்டி படுத்திருக்கப் போகிறது? மர்சலின் தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். புல்வரிசையில் நின்ற சுந்தரவல்லி தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். இருநூறு நாற்காலியிலிருந்து இருநூறு முகம் மர்சலினைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் வரிசையில் கேன்டீனில் பார்த்த அந்த அறங்காவலர் கடிகாரத்தைத் திருப்பி அவளுக்குக் காட்டினார்.

அவள் கையைத் தூக்கினாள்.

போஷகர் கொடி அசைத்தார். நாகஸ்வரம் கெட்டிமேளத்துக்குப் போயிற்று. ஷஃபியுல்லா வண்டியை எடுத்தார். பழுத்த கதிர்கள் கத்தியில் பட்டு வெடித்து, பஞ்சு கும்பல் கும்பலாக எழும்பிப் பட்டுப் புடவைகளின் மேலும் கேமராவின் மேலும் இறங்கியது. குழந்தைகள் கைதட்டிப் பிடித்தார்கள். யாரோ ஒரு அம்மாள், "பனி பெய்யற மாதிரி இருக்கே!" என்றாள். போஷகர் நெகிழ்ந்துபோய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அறுபது அடி போயிருக்கும். டிராக்டர் நின்றது. ஷஃபியுல்லா கீழே இறங்கிப் பின்பக்கம் போய்க் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து எதன் மேலோ விரித்தார். நிமிர்ந்து மர்சலினை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வண்டியில் ஏறி, மீதி நாற்பது அடியை ஓட்டாமல் அப்படியே வளைத்துக்கொண்டு வெளியே வந்தார். வண்டியில் ஏதோ கோளாறு என்று நாற்காலிகளில் பேசிக்கொண்டார்கள்.

மர்சலின் நின்ற இடத்திலேயே நின்றாள். சுந்தரவல்லி போனாள். துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். திரும்ப மூடினாள். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் தாய் வந்தது. இத்தனை ஜனம், இத்தனை மேளம், எதையும் சட்டை செய்யாமல் உயரப் புல்லிலிருந்து வெட்டிய பாதைக்கு வெளியே வந்து நின்றது. வெயிலில் அதன் வெள்ளை வயிறு பளிச்சென்று இருந்தது. மடி கனத்துத் தொங்கியது. இரண்டு அடி வரும், நிற்கும், இந்தப் பக்கம் பார்க்கும், அந்தப் பக்கம் பார்க்கும்.

"மான்! மான்!" என்று குழந்தைகள் கத்தின. நாற்காலிகள் கலகலத்தன. இருநூறு போன்கள் மேலே எழுந்தன. வெங்கடரமணனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"பார்த்தேளா! ஒரு வழி திறந்துவிட்ட உடனே வந்து நிக்கறது பாருங்கோ! பகவான் சம்மதம்னா இப்படித்தான் காட்டுவான்!" மைக்கை மர்சலினின் கையில் திணித்தார். "நீங்கதான் சொல்லணும். மான் ஏன் வந்திருக்குன்னு போஷகருக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ."

மர்சலினுக்குத் தெரியும் அது ஏன் வந்திருக்கிறது என்று. அந்தக் கூட்டத்தில் அவளையும் சுந்தரவல்லியையும் ஷஃபியுல்லாவையும் தவிர யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தாள். 'குட்டியைத் தேடுது. நான்தான் கையைத் தூக்கினேன்.' ஐந்தே சொல். நாக்கு நுனி வரை வந்தது. முதல் வரிசையில் போஷகர் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். இதைச் சொன்னால் பூஜை அபசகுனமாகும். அபசகுனம் யாரால் வந்தது என்று கேட்பார்கள். பதில் அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது பெண் வெளிமான்" என்றாள். அவள் குரல் வகுப்பில் பாடம் நடத்தும் குரலாக இருந்தது. "வெளிமான் திறந்த இடத்தை விரும்பும். புல் வெட்டின இடத்துக்கு வந்திருக்கு. இது… நல்ல அறிகுறி."

கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது. அதற்குள் சுந்தரவல்லி வந்து அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். கையில் பச்சையும் சிவப்புமாகப் புல் கறை.

"அவுங்க கை தட்றாங்க, தட்டட்டும். அவுங்களுக்கு ஒரு எழவும் தெரியாது" என்றாள் மெதுவாக. "உனுக்குத் தெரியுமே டீச்சர். அன்னிக்கும் தெரியும், இன்னிக்கும் தெரியும்."

மர்சலின் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மான் நடந்து வந்து அந்தத் துண்டின் அருகே நின்றது. தலையைத் தாழ்த்தி முகர்ந்தது. மூக்கால் துண்டை ஒரு தள்ளுத் தள்ளியது.

"மேயறது பாருங்கோ!" என்றார் வெங்கடரமணன்.

மறுபடியும் கைதட்டினார்கள். போஷகர் திரும்பி மர்சலினைப் பார்த்து, எல்லாம் உங்களால்தான் என்பதுபோல் தலையசைத்துக்கொண்டே தட்டினார். முதல் வரிசை முழுவதும் அவளைப் பார்த்துத் தட்டியது. மர்சலின் மைக்கை மேசையில் வைத்துவிட்டு, அவளும் தட்டினாள்.